ஹெட்போன் கிண்ணத்து 'டாம்பிங்': தணிப்பா, அவிப்பா?

மொழிபெயர்ப்பாளர்:
ஹெட்போன் பழுது திருத்தப் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. கிண்ணத்தின் அதிர்வையும் ஒலியையும் அடக்கும் 'டாம்பிங்' (damping), முதல் வரைவில் 'ஈரமாக்கல்' ஆகிக் கிடக்கு; ஆங்கிலத்தில் damp என்றால் ஈரமும்தானே. பிள்ளைகள் கிண்ணத்துக்குள் தண்ணி தெளிக்க முதல் ஒரு சொல் தாருங்கோ.

பௌதிக ஆசிரியை:
வகுப்பில் தணித்தல் என்றே படிப்பிக்கிறோம். 'தணிப்பு' போதும்.

ஒலித் தொழினுட்பவியலாளர்:
ஒரு சொல் காணாது ரீச்சர், அங்கே மூன்று வேலை இருக்கு. அலுமினியத் தாள் ஒட்டிய 2 மி.மீ. பியூட்டைல் ரப்பர், கிண்ணச் சுவரின் அதிர்வை வெப்பமாக்கும். தட்டினால் 'டங்' என்கிற தட்டையான இடத்தில் கால்பங்கு மூடினாலே பெரிய வித்தியாசம். முழுக்க ஒட்டினால் பாரம்தான் கூடும். ஃபெல்ட்டும் பஞ்சும் உள்ளே தெறிக்கும் காற்றலையை உறிஞ்சும், அதுவும் உயர் மீடிறனில் (அதிர்வெண்ணில்) மட்டும். 100 ஹேர்ட்ஸின் அலைநீளம் 3.4 மீட்டர், 5 மி.மீ. ஃபெல்ட் அதை என்ன செய்யும்? மூன்றாவது, துவாரத்தின் மேல் ஒட்டும் மெல்லிய ஃபெல்ட். காற்று போய்வருவதை மட்டுப்படுத்தும். பேஸ் (தாழ்ந்த ஒலி) மாறுவது இங்கேதான். ஒலி எழுப்பும் டிரைவரின் பின்துளையை ரப்பரால் மூடினால் பேஸ் செத்துப்போகும். ஒட்டமுதல் ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைக்கவேணும். இரண்டு பக்கமும் ஒரே எடை, ஒரே இடம்.

மூத்த உறுப்பினர்:
தணி நல்ல வேர்தான்; முருகன் சினம் தணிந்த மலை தணிகை. ஆனால் அது தானாக ஆறுவது. அதிர்வை அடக்க 'அவி' வேண்டும். ஐம்புலனை அடக்கியவனை வள்ளுவர் 'ஐந்தவித்தான்' என்றாரே. 'அதிர்வவிப்பி' என்பேன்.

பௌதிக ஆசிரியை:
தணிதல்தான் தன்வினை ஐயா, தணித்தல் பிறவினை. அவிப்பி என்றால் பிள்ளைகளுக்குப் புட்டுப்பானைதான் ஞாபகம் வரும்.

மூத்த உறுப்பினர்:
தமிழகத்தில் 'தடையுறு அலைவு' என்கிறார்கள். அவர்களின் ஒத்ததிர்வு (resonance) இலங்கையில் நமக்குப் பரிவு. பரிவுக்கு இரக்கம் என்றும் பொருள் உண்டே, அதற்கு யாரும் சிரிக்கவில்லையே?

பழுது திருத்துநர்:
கொழும்புப் பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடையில் அதிர்வவிப்பி கேட்டால் கடைக்காரர் முழிப்பார். கார்க் கதவுக்கு ஒட்டுற டாம்பிங் ஷீட் என்றால் எடுத்துத் தருவார். பொருள் பட்டியலில் அப்படியே போடுங்கோ.

மொழிபெயர்ப்பாளர்:
சரி, நாலு பேர் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால்: ரப்பருக்கு அதிர்வுதணிப்பி, பஞ்சுக்கு ஒலியுறிஞ்சி, துவாரத்து ஃபெல்ட்டுக்குக் காற்றுத்தடை. பட்டியலில் டாம்பிங் ஷீட். ஐயாவின் சொல் அடிக்குறிப்பில்.

ஒலித் தொழினுட்பவியலாளர்:
'காற்றுத்தடை'க்கு நான் உடன்படவில்லை. மின்தடை படித்தவருக்கு அது ஓர் அளவு. ஒட்டுகிற பிள்ளைக்கோ அது கட்டளை, துவாரத்தை ஒரேயடியாக அடைத்துவிடும். குறைந்தது 'ஒற்றை அடுக்கு, காற்று ஊடுருவவேண்டும்' என்று பக்கத்தில் எழுதுங்கோ.