ஏடிஎம் பக்கத்தில் நின்ற அங்கிள்

டர்பன், ஆராய்ச்சி மாணவி

பிப்ரவரி வந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவில், டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் என்று எல்லாப் பக்கமிருந்தும் பிள்ளைகள் முதல்முறையாகத் தனியாகக் கோம்பி (மினிபஸ் டாக்சி) ஏறிப் பல்கலைக்கழகத்துக்கு வரப் போகிறார்கள். என்னைப் போல ஊரிலிருந்து மேற்படிப்புக்கு வருகிறவர்களும் உண்டு. உங்களுக்கு நடந்ததை இங்கே எழுதுங்கள். "ஜாக்கிரதையாக இரு" என்று சொல்லி அனுப்பினால் எந்தப் பிள்ளைக்கும் எதுவும் புரியாது. எங்கே, எத்தனை மணிக்கு, அவன் முதலில் என்ன சொல்லிக்கொண்டு வந்தான் என்று எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

திருநெல்வேலியிலிருந்து வந்து மூன்றாவது வாரம். சனிக்கிழமை காலை பத்தரை மணி. ஓவர்போர்ட் பக்கம் காய்கறி வாங்கப் போன இடத்தில் ஒரு கடை வாசல் ஏடிஎம்மில் நின்றேன். பக்கத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர். நெற்றியில் திருநீறு, மணிக்கட்டில் கோவில் கயிறு. "வணக்கம்மா" என்றார். வீட்டை விட்டு வந்து மூன்று வாரம் ஆன எனக்கு அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது.

மெஷினை மாற்றிவிட்டார்கள், கார்டை முதலில் இதில் தேய்க்க வேண்டும் என்று ஓரத்தில் இருந்த ஒரு சின்னக் கருவியைக் காட்டினார். அவரே வாங்கித் தேய்த்துக் கொடுத்தார். நான் பின் நம்பர் அழுத்தும்போது மரியாதையாகத் தள்ளித்தான் நின்றார். எனக்குப் பின்னால் நின்ற பையனை நான் கவனிக்கவில்லை. தவறான நம்பர் என்று மெஷின் சொன்னது. மறுபடி அழுத்தினேன், அதே பதில். வீட்டுக்கு வந்து பார்த்தால் கையில் இருந்தது வேறு யாருடைய கார்டோ. அதே வங்கி, அதே நிறம். அதற்குள் 4,200 ரேண்ட் போய்விட்டது.

அவர் கை நீட்டியபோதே வயிற்றுக்குள் ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆனாலும் பெரியவர் உதவிக்கு வரும்போது "கார்டைத் தொடாதீங்க" என்று எப்படிச் சொல்வது? முகத்தில் அடித்தாற்போலப் பேசக் கூடாது என்று வளர்த்திருக்கிறார்களே. என் பணம் போனதற்கு அந்தத் தயக்கம்தான் காரணம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இப்போது யாராவது பக்கத்தில் வந்து பேசினால் பதில் சொல்லாமல் கேன்சல் அழுத்திவிட்டுக் கிளம்பிவிடுவேன். கார்டு உள்ளே மாட்டிக்கொண்டால் அந்த இடத்தை விட்டு நகராமல் வங்கிக்கு போன் செய்வேன். அந்த எண் போனில் மட்டும் அல்ல, பைக்குள் ஒரு காகிதத்திலும் இருக்கிறது. ஒரு நாளில் எடுக்கக்கூடிய தொகையை ஆப்பில் 1,000 ரேண்டாகக் குறைத்துவிட்டேன். வாடகை கட்டும் நாளில் மட்டும் கூட்டிக்கொள்வேன்.

சாட்ஸ்வொர்த், இரண்டாம் ஆண்டு மாணவன்

அக்கா, எனக்கும் ஆரம்பம் மரியாதைதான். எழுத்துத் தமிழ் சாயங்கால வகுப்பில் கற்றது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஜூன். குளிர்காலத்தில் இங்கே ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். பரீட்சைக்குப் படித்துவிட்டு ஆறு மணிக்கு வாரிக் பக்கம் கோம்பி பிடிக்க இறங்கி நடந்தேன். எதிரே வந்த ஒருவன் சிரித்த முகத்தோடு மணி கேட்டான். நான் நின்று, போனை எடுத்து, திரையைத் திறந்து பார்த்தேன். அவனுக்கு வேண்டியது அதுதான். திறந்த போன். பின்னால் இன்னொருவன் வந்துவிட்டான், கையில் கத்தி.

கொடுத்துவிட்டேன். வங்கி ஆப்பின் பாஸ்வேர்டையும் கேட்டார்கள், சொல்லிவிட்டேன். இதை எழுத எனக்குக் கூச்சம் இல்லை. கத்திக்கு முன்னால் பேரம் பேசக் கூடாது. என் வகுப்பில் ஒருவன் பையை விடாமல் இழுத்தான். கையில் பதினாறு தையல், அந்தப் பரீட்சையும் எழுதவில்லை.

பிறகுதான் பெரிய பிரச்சினை. அங்கே மக்காச்சோளம் அவித்து விற்கும் ஓர் அம்மா தன் போனைக் கொடுத்தார். யாருக்கு அடிப்பது? எனக்கு ஒருவருடைய எண்ணும் மனப்பாடமாகத் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து மாறாத ஆயா (பாட்டி) வீட்டு எண் மட்டும்தான் நினைவில் இருந்தது. ஆயா மாமாவைக் கூப்பிட்டு, மாமா வங்கி எண்ணைத் தேடி, நான் அவர்களிடம் பேசுவதற்குள் அரை மணி நேரம் ஆகிவிட்டது. 2,600 ரேண்ட் மாற்றிவிட்டார்கள்.

தம்பி, தங்கச்சிகளுக்குச் சொல்கிறேன், வரிசை முக்கியம். முதலில் வங்கி. அடுத்தது போன் கம்பெனி: சிம்மை நிறுத்தச் சொல்ல வேண்டும், போனையும் முடக்கச் சொல்ல வேண்டும். பிறகு போலீஸ் ஸ்டேஷன். கேஸ் நம்பர் குறுஞ்செய்தியில் வரும் என்பதால் வீட்டில் யாருடைய எண்ணையாவது கொடுங்கள், பறிபோன எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். போனை முடக்க ஐஎம்இஐ எண், அதாவது அந்த போனுக்கே உரிய அடையாள எண் வேண்டும். இப்போதே *#06# அழுத்தினால் திரையில் வரும். என்னுடையதை ஆயா காகிதத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். என் மூன்று தங்கைகளுடைய எண்களும் அதற்குக் கீழே இருக்கின்றன.

ஃபீனிக்ஸ், ஒரு மாணவியின் அப்பா

கார் ஓட்டிப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று. ரிமோட்டை அழுத்திவிட்டு நடந்துவிடாதீர்கள். பக்கத்திலேயே நின்று அந்த சிக்னலை மறிக்கிற கருவியை அழுத்துகிறார்கள், கார் பூட்டவே பூட்டாது. கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டு நகருங்கள். என் மகள் லேப்டாப்பை இழந்தது அப்படித்தான், பட்டப்பகலில். அப்புறம், ரோபோட்டில் (டிராஃபிக் விளக்கில்) நிற்கும்போது கண்ணாடியை உடைத்துப் பையைப் பறிப்பது எல்லாருக்கும் தெரியும். பையை டிக்கியில் வையுங்கள். ஆனால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே வையுங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் இறங்கி டிக்கியைத் திறந்து வைத்தால், பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு இடம் தெரிந்துவிடும்.

டர்பன், முதல் ஆண்டு முடித்த மாணவி

ஆப்பில் கூப்பிட்ட காரில் ஏறியதும் டிரைவர், "பயணத்தை கேன்சல் செய்யுங்கள், ரொக்கமாகக் கொடுங்கள், உங்களுக்கும் குறைவு" என்றார். சரி என்று விரல் வரை போய்விட்டது. கேன்சல் செய்தால் நான் எந்தக் காரில் இருக்கிறேன் என்று எங்கேயும் பதிவு இருக்காது என்பது அப்போதுதான் உறைத்தது. இறங்கிவிட்டேன். அவர் கெட்டவரா, வெறும் காசு ஆசையா, தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. நம்பர் பிளேட் பொருந்தினால்தான் ஏறுங்கள். உங்கள் பெயரை நீங்களே சொல்லாமல், யாரை ஏற்ற வந்தீர்கள் என்று அவரிடம் கேளுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், சட்டம் நான்காம் ஆண்டு

என்னுடையதில் கத்தியும் இல்லை, திருட்டும் இல்லை. அதனாலேயே யாரும் காது கொடுக்கவில்லை.

குழுவாகச் செய்யும் ஒரு வேலையில் என்னோடு இருந்தவன். முதலில் குறிப்புகள் அனுப்பினான். பிறகு இரவு இரண்டு மணிக்கு நலம் விசாரித்தான். வேண்டாம் என்றேன். எண்ணைத் தடுத்தேன், வேறு எண்ணிலிருந்து வந்தான். நான் எந்த வகுப்பு முடிந்து எந்த வாசல் வழியாக வருவேன் என்று தெரிந்துகொண்டு அங்கே நின்றான். ஒரு வார்த்தைகூட மிரட்டவில்லை. பாதுகாப்பு அலுவலகத்தில் சொன்னேன். அங்கிருந்தவர் சிரித்துக்கொண்டே, "பையனுக்கு உன்னைப் பிடித்திருக்கிறது போல" என்றார். வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் நான்கு மாதம் வாயே திறக்கவில்லை.

ஒரு விரிவுரையாளர்தான் வழி காட்டினார். 2011ஆம் ஆண்டின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம், 2013 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கணவன், காதலன் என்று எந்த உறவும் இருக்க வேண்டியதில்லை. பின்தொடர்வது, வாசலில் காத்து நிற்பது, வேண்டாம் என்ற பிறகும் செய்தி அனுப்புவது எல்லாம் அதற்குள் வரும். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நீங்களே மனு கொடுக்கலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. எந்த எண், யாருடையது என்று தெரியாவிட்டால் அதைக் கண்டுபிடித்துத் தரும்படி நீதிமன்றம் தொலைபேசி நிறுவனத்துக்கு உத்தரவிட முடியும். அவனுக்கு எதிரான பாதுகாப்பு உத்தரவோடு கைது வாரண்ட்டும் சேர்ந்தே வரும். அவன் மீறினால்தான் அது செயலுக்கு வரும்.

நான் கொண்டு போனவை: தேதி, நேரம் தெரியும்படி எடுத்த ஸ்கிரீன்ஷாட்கள், ஒரு சின்ன நோட்டு. எரிச்சலில் செய்திகளை அழித்துவிடாதீர்கள். நான் முதல் இரண்டு மாதம் அழித்தேன், அந்த இரண்டு மாதத்துக்கு என்னிடம் ஆதாரமே இல்லை. தற்காலிக உத்தரவு அவன் கைக்குப் போன நாளிலிருந்து அவன் அந்த வாசலுக்கு வரவில்லை.

பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2019 ஆகஸ்ட் 24 அன்று கேப் டவுனில் பத்தொன்பது வயது முதலாண்டு மாணவி உயினேனே ம்ர்வெத்யானா தபால் அலுவலகத்துக்குப் பார்சல் வாங்கப் போனாள். அங்கே வேலை செய்தவனே அவளைக் கொன்றான். இரவு இல்லை, மது இல்லை, தப்பான இடம் இல்லை. உங்கள் பெண் ஏதாவது நடந்தது என்று சொல்ல வரும்போது, "அங்கே ஏன் போனாய்" என்று முதல் கேள்வி கேட்டால் அவள் இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லவே மாட்டாள். என் வீட்டில் அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் நான்கு மாதம் இழந்தேன்.

சாட்ஸ்வொர்த், ஓய்வு பெற்ற நர்ஸ்

இந்தத் தங்கை எழுதியதைப் படித்ததும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாலியல் வன்முறை நடந்துவிட்டால் என்ன செய்வது என்று நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

துதுசெலா மையம் என்ற பெயரை நினைவில் வையுங்கள். அந்தச் சொல்லுக்கு ஆறுதல் என்று பொருள். சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே. கான் மருத்துவமனையிலும், ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி மருத்துவமனையிலும் இருக்கிறது. சிகிச்சை, ஆற்றுப்படுத்துதல், போலீஸ் எல்லாம் ஒரே இடத்தில். முதலில் கேஸ் போட்டால்தான் மருந்து என்பது கிடையாது. எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். குளிக்கத்தான் மனம் துடிக்கும். குளிக்காமல், போட்டிருந்த உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் வைத்துக் கொண்டு வாருங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். ஆனால் குளித்துவிட்டாலும் கட்டாயம் வாருங்கள், மருந்துக்கு அது தடையே இல்லை. எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் "இது எங்கள் பகுதி இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது.

பேச ஆள் வேண்டுமானால் 0800 428 428, இரவும் பகலும் எடுப்பார்கள், காசு இல்லை. போலீஸ் 10111. ஆம்புலன்ஸ் 10177. செல்போனில் காசு இல்லாவிட்டாலும் 112 போகும்.

டோங்காட், முதல் ஆண்டு

அக்கா, எனக்கு இன்னும் அறை கிடைக்கவில்லை. கிளென்வுட்டில் ஓர் அறை, படங்கள் அழகாக இருக்கின்றன. இன்றே 3,500 ரேண்ட் முன்பணம் போட்டால் ஒதுக்கி வைப்பேன் என்கிறார். வீட்டுக்காரர் ஊரில் இல்லையாம், சாவியைக் கூரியரில் அனுப்புவாராம். மிகவும் அன்பாகப் பேசுகிறார். நாளைக்கு முதல் வகுப்பு வேறு. யாரையும் தெரியாது.

டர்பன், ஆராய்ச்சி மாணவி

பணம் போடாதே, தங்கச்சி. உள்ளே போய்ப் பார்க்காத அறைக்கு ஒரு ரேண்ட்கூடக் கொடுக்காதே. உடனடிப் பரிமாற்றத்தில் போன பணத்தைத் திருப்பி எடுக்க முடியாது. அவர் அன்பாகப் பேசுகிறார் என்பதற்காக நீ பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றும் இல்லை. பல்கலைக்கழக விடுதி அலுவலகத்தில் அங்கீகாரம் பெற்ற வீடுகளின் பட்டியல் கேட்கலாம், நாளை நான் கூட வருகிறேன்.

காலை ஏழரைக்கு பிரதான வாசலில், காவலர்கள் அமர்ந்திருக்கும் மேஜைக்குப் பக்கத்தில் நிற்பேன். என்னையும் நீ பார்த்தது இல்லை. அதனால் அண்ணனையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு வா, என் மாணவர் அட்டையை வாங்கிப் பார், பிறகு பேசலாம்.