ஸ்டெம் செல் நியூரானாக மாறுவதைப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

நிலா:
ஐ.பி.எஸ். செல்களை, அதாவது தோல், ரத்தம் போன்ற சாதாரண செல்களிலிருந்து உருவாக்கும் ஸ்டெம் செல்களை வளர்த்து நியூரானாக (நரம்பு செல்லாக) மாற்றுவதுதான் லேபில் என் வேலை. முதன்முதலில் செய்முறையை வாங்கிப் படித்தபோது ஒரு விஷயத்தில் அப்படியே நின்றுவிட்டேன். தொடக்கத்தில் சேர்க்கும் இரண்டு மருந்துகளுமே தடுப்பான்கள். செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லும் புரதங்களில் பி.எம்.பி.யின் சமிக்ஞையை ஒன்று தடுக்கிறது, ஆக்டிவின், நோடல் என்ற புரதங்களின் சமிக்ஞையை மற்றொன்று. ‘நியூரானாக மாறு’ என்று செல்லுக்குச் சொல்லும் எதுவுமே அதில் இல்லை!

காரணம் தவளைக் கருவில் இருக்கிறது. ஜெர்மன் கருவியலாளர்களான ஸ்பெமனும் ஹில்டே மாங்கோல்டும் 1924-ல் வெளிவந்த ஆய்வில், தவளையைப் போன்ற நீர்நில வாழ்வியான சாலமாண்டர் கருவின் ஒரு துண்டை இன்னொரு கருவில் ஒட்டி, இரண்டாவது நரம்புத்தண்டையே வளர வைத்தார்கள். அந்தத் துண்டு எதைச் சுரக்கிறது என்பது 1990-களில் தவளையில்தான் தெளிவானது. நாகின், கார்டின் போன்ற புரதங்கள் பி.எம்.பி.-யைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பி.எம்.பி. கிடைத்தால் கருவின் வெளி அடுக்கான புறப்படையின் செல்கள் தோலாகும், கிடைக்காவிட்டால் நரம்புத் திசுவாகும். எஃப்.ஜி.எஃப். என்ற இன்னொரு புரதத்தின் சமிக்ஞைக்கும் இதில் பங்குண்டு, அதை விட்டுவிடக் கூடாது. இந்த அறிவை வைத்துத்தான் 2009-ல் ஸ்டெம் செல் ஆய்வாளர் லோரன்ஸ் ஸ்டூடரின் குழு, இந்த இரண்டு சமிக்ஞைகளையும் செல்லுக்குள் கடத்தும் ஸ்மேட் புரதங்களை முடக்கும் ‘இரட்டை ஸ்மேட் தடுப்பு’ முறையை மனித செல்களுக்குக் கொண்டுவந்தது.

சரி, தட்டில் என்ன தெரியும்? முதல் சில நாட்கள் செல்கள் நெருக்கியடித்து ஒரே பரப்பாக இருக்கும். அப்புறம் அவை நீண்டு, ஒரு மையத்தைச் சுற்றி வட்டமாக நிற்கத் தொடங்கும். அதுதான் ரோசெட். நடுவில் சின்னதாக ஒரு துளை. கருவில் நரம்புக்குழாய் உருவாகும் அதே அமைப்பு. பிரியும் நேரம் வந்த செல்லின் உட்கரு துளையின் ஓரத்துக்கு இறங்கிவந்து அங்கேதான் பிரிகிறது. சாயம் ஏற்றிப் பார்த்தால் ஸ்டெம் செல்லின் அடையாளப் புரதமான ஆக்ட்4 மறைந்து, நரம்பு முன்னோடி செல்லின் அடையாளப் புரதமான பாக்ஸ்6 உட்கருக்கள் முழுக்க ஒளிரும். யாரும் வரிசையாக நிற்கச் சொல்லாமலே தட்டில் இருக்கும் செல்கள் குழாயாக நிற்பதைப் பார்த்த அன்று மைக்ரோஸ்கோப்பை விட்டு எழ மனமே வரவில்லை.

செழியன்:
நல்ல தொடக்கம் நிலா. நான் பார்ப்பது இதற்கு அடுத்த கட்டம். ரோசெட் செல்கள் நியூரான்கள் அல்ல, இன்னும் பிரிந்துகொண்டிருக்கும் முன்னோடிகள். ஒரு செல்லின் மேற்பரப்பில் இருக்கும் டெல்டா என்ற புரதம் பக்கத்து செல்லின் நாட்ச் என்ற ஏற்பியைத் தொட்டால், காமா செக்ரிடேஸ் என்ற நொதி நாட்ச்சின் உள்பகுதியை வெட்டிவிடும். அந்தத் துண்டு உட்கருவுக்குப் போய் ஹெஸ் மரபணுக்களை இயக்கும். அவை, செல்லை நியூரானாக்கும் நியூரோஜெனின் மரபணுவை அடக்கிவைக்கும். அதாவது, நியூரானாகப் போகும் செல் தன் அண்டை செல்லை முன்னோடியாகவே இருத்திவைக்கிறது. சுண்டெலி முன்னோடி செல்களில் ஹெஸ்1 அளவு சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது என்பதை டைம்லாப்ஸ் படத்தில் பார்க்கும்போது இன்றும் சிலிர்க்கும்.

காமா செக்ரிடேஸைத் தடுக்கும் டாப்ட் என்ற மருந்தைச் சேர்த்ததும் பிரிந்துகொண்டிருந்த செல்களில் பெரும்பாலானவை பிரிவதை நிறுத்தி, ஏறக்குறைய ஒரே சமயத்தில் நியூரானாகத் தொடங்கும். மெல்லிய நீட்சிகள் கிளம்பும். ஒவ்வொன்றின் நுனியும் விரிந்து, துழாவித் துழாவி முன்னேறும்.

மலர்:
எங்கள் குழுவுக்கு வேண்டியது பார்கின்சன் நோயில் அழிந்துபோகும் நடுமூளையின் டோபமைன் நியூரான்கள். அங்கே நிலா சொன்ன அந்த இரட்டைத் தடுப்பு மட்டும் போதாது. அப்படியே விட்டால் செல்கள் முன்மூளைப் பக்கம்தான் போகும். நரம்புக்குழாயின் கீழ்ப்பக்கத் தன்மைக்கு சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞைப் புரதம் வேண்டும். தலையிலிருந்து பின்னோக்கி எந்த இடம் என்பதை விண்ட் என்ற இன்னொரு சமிக்ஞை தீர்மானிக்கிறது. விண்ட் பாதையை இயக்கும் மருந்தைக் கொஞ்சம் கூட்டினாலே பின்மூளை செல்கள் வந்துவிடும். இந்த நடுமூளை முன்னோடிகளின் அடையாளப் புரதங்களான ஃபாக்ஸ்ஏ2, எல்.எம்.எக்ஸ்.1ஏ இரண்டும் ஒரே செல்லில் ஒளிர்ந்தால்தான் எங்களுக்குத் திருப்தி. கியோட்டோவில் 2018-ல் ஒரு பார்கின்சன் நோயாளியின் மூளையில் வைத்தது இத்தகைய முன்னோடி செல்களைத்தான். அதனால் இந்த அளவுகளை மிகுந்த கவனத்தோடு பார்க்கிறோம்.

நிலா:
மலர் அக்கா, விண்ட் மருந்தை எப்போது தொடங்குகிறீர்கள்?

மலர்:
தடுப்பான்களோடு சேர்த்தே. சில லேப்களில் சில நாள் கழித்துத் தொடங்குகிறார்கள், அதிலும் வருகிறது. ஆனால் அளவை மட்டும் அடுத்தவர் செய்முறையிலிருந்து எடுத்துக்கொள்ளாதேம்மா. ஒவ்வொரு செல் லைனும் (ஒரே மூலத்திலிருந்து வளர்த்த செல் வரிசை) ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லும். நான்கைந்து அளவுகளைப் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் வைத்து, எந்தக் குழியில் ஃபாக்ஸ்ஏ2, எல்.எம்.எக்ஸ்.1ஏ இரண்டும் சேர்ந்து வருகிறது என்று பார்.