அக்சஸிலிருந்து வெப்புக்கு மாற்றும்போது முருகன் 'மரகன்' ஆகிறார். 9 நாள்தான் இருக்கிறது, உதவுங்கள்

கேள்வி

வணக்கம். ஒரு பள்ளியின் கட்டண விவரம் முழுவதும் மைக்ரோசாஃப்டின் அக்சஸ் 2003 டேட்டாபேஸ் மென்பொருளில் செய்த ஒரே எம்டிபி கோப்பில் இருக்கிறது. ஜூனில் பள்ளி திறக்கும்போது மூன்று கவுண்ட்டரிலும் ஒரே நேரத்தில் ரசீது போட வேண்டும். அதற்காக பைத்தானின் ஜாங்கோ கட்டமைப்பில் வெப் அப்ளிகேஷன் எழுதிவருகிறேன். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். திரைகள் எல்லாம் தயார், பழைய டேட்டாவை ஏற்றுவதில்தான் மாட்டிக்கொண்டேன்.

மாணவர் பெயர்கள் பாமினி எழுத்துருவில் தட்டியவை, அதாவது கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துகள், எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டும். எம்டிபி கோப்பைப் படிக்கும் எம்டிபி டூல்ஸில் சிஎஸ்வி (கமாவால் கட்டம் பிரித்த உரைக் கோப்பு) எடுத்து, பைத்தான் ஸ்கிரிப்டால் யூனிகோடுக்கு மாற்றுகிறேன். கமலா, செல்வி எல்லாம் ஒழுங்காக வருகின்றன. ஆனால் முருகன் 'மரகன்' என்றும், குமார் 'கமார்' என்றும், சுப்பிரமணியன் 'சப்பிரமணியன்' என்றும் வருகின்றன. மாற்று அட்டவணையை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். இரண்டு ராத்திரி இதிலேயே போய்விட்டது. இந்தப் பெயர்தான் பிள்ளைகளின் ரசீதில் அச்சாகப்போகிறது, அதனால் 'அப்புறம் திருத்திக்கொள்ளலாம்' என்று விட மனம் வரவில்லை.

பதில்

அட்டவணையில் தப்பு இருக்காது. கெட்டுப்போன மூன்று பெயரிலும் உகரம்தான் விழுந்திருக்கிறது, பாருங்கள். பாமினியில் சின்ன எஃப் தட்டினால் 'க', பெரிய எஃப் தட்டினால் 'கு'. அதேபோல் சின்ன கே 'ம', பெரிய கே 'மு'. முருகன் என்பது பெரிய கே, பெரிய யு, சின்ன எஃப், சின்ன டி, அரைப்புள்ளி. எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கினால் அப்படியே 'மரகன்' வரும். கமலாவிலும் செல்வியிலும் பெரிய எழுத்தே கிடையாது, அதனால் அவை தப்பித்தன. உங்கள் ஸ்கிரிப்டில் எங்கோ சின்ன எழுத்தாக்கும் 'லோயர்' ஓடுகிறது, தேடிப் பாருங்கள்.

கேட்டவர்

அண்ணா, அதேதான்! வேறொரு வேலைக்கு எழுதிய ஃபங்ஷனைக் கொண்டுவந்து போட்டிருந்தேன். ஓரத்து இடைவெளிகளை நீக்கிவிட்டு, எல்லாவற்றையும் சின்ன எழுத்தாகவும் ஆக்கிவிடும். அதை எடுத்ததும் முருகன் வந்துவிட்டார். மிக்க நன்றி.

இப்போது இன்னொன்று. இந்திரா, இளங்கோ என்று 'இ'யில் தொடங்கும் பெயர் உள்ள வரிகளில் எல்லாம் ஒரு கட்டம் தள்ளிப்போகிறது. பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. பிறந்த தேதி வர வேண்டிய இடத்தில் 'ந்திரா' என்று நிற்கிறது.

பதில்

ஏற்றுமதி செய்யும்போது மேற்கோள் குறி வேண்டாம் என்று கொடுத்திருப்பீர்கள். பாமினியில் 'இ' இருப்பது கமா விசையில். சிஎஸ்வி அதைக் கட்டப் பிரிப்பு என்று எடுத்துக்கொள்கிறது. அவசரத்தில் பிரிப்பானை அரைப்புள்ளிக்கு மட்டும் மாற்றிவிடாதீர்கள், அதுதான் பாமினியின் மெய்ப்புள்ளி, ஒவ்வொரு ன், ர், ல் வரும்போதும் வரி உடையும். மேற்கோள் குறியோடு மறுபடி எடுத்து, பைத்தானின் சிஎஸ்வி மாட்யூலாலேயே படியுங்கள். கமாவை வைத்து நீங்களே வெட்ட வேண்டாம்.

அப்புறம், இனிஷியலைப் பாருங்கள். பெயர்க் கட்டத்திலேயே யாராவது ஆங்கிலத்தில் 'கே' என்று தட்டியிருந்தால் அதுவும் 'மு' ஆகிவிடும். அதை எந்த ஸ்கிரிப்டும் கண்டுபிடிக்காது, ஆள் பார்த்தால்தான் தெரியும். அதனால் பாமினி மூலத்தை அழிக்காமல் தனிக் கட்டத்தில் வைத்துவிட்டு, யூனிகோடைப் பக்கத்தில் ஏற்றுங்கள்.

இன்னொருவர்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். தேதியையும் ஒரு தடவை பாருங்கள். வடிவம் சொல்லாமல் எடுத்தால் எம்டிபி டூல்ஸ் மாதத்தை முன்னால் போட்டு, ஆண்டை இரண்டே இலக்கத்தில் தரும். 05/06/12 மே மாதமா ஜூன் மாதமா என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. நாலு இலக்க ஆண்டு, மாதம், நாள் என்று நீங்களே வடிவம் கொடுத்து எடுங்கள்.

ரசீது எண்ணில் நான் அடிபட்டிருக்கிறேன். பழைய எண்களோடு ஏற்றினாலும், அடுத்த எண்ணைத் தானாகக் கொடுக்கும் போஸ்ட்கிரெஸின் தொடர் எண் 1-லேயே நிற்கும். 'செட்வால்' கட்டளை கொடுத்து கடைசி எண்ணுக்கு நகர்த்தாவிட்டால், திறக்கும் நாள் முதல் ரசீதே 'ஏற்கெனவே இருக்கிறது' என்று நின்றுவிடும். எதிரே பெற்றோர் வரிசை நிற்கும்போது அதைத் திருத்துவது கொடுமை.

9 நாளில் ரிப்போர்ட்டுகளையும் மாற்றப் பார்க்காதீர்கள். கட்டணம் வாங்குவது மட்டும் வெப்பில் இருக்கட்டும். அக்சஸில் ஓடிபிசி (வேறு டேட்டாபேஸோடு பேசவைக்கும் இணைப்பு) வழியாக போஸ்ட்கிரெஸ் அட்டவணைகளை இணைத்தால் பழைய ரிப்போர்ட்டுகளில் பெரும்பாலானவை அங்கிருந்தே ஓடும். பெயர் அச்சாகும் இடங்களில் பாமினிக்குப் பதில் யூனிகோடு எழுத்துருவைப் போட்டால் போதும். ஆற அமர ஆகஸ்டில் மாற்றிக்கொள்ளலாம்.

கேட்டவர்

மூன்றையும் செய்துவிட்டேன். ரிப்போர்ட்டைத் தள்ளிப்போட நிர்வாகமும் சம்மதித்தது. நேற்று அலுவலக அக்கா சேர்க்கைப் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தார், நான் திரையில் பார்த்துக்கொண்டே வந்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே ஐந்து இனிஷியல்கள் எழுத்து மாறியிருந்தன. கையாலேயே திருத்திவிட்டோம். ஆறாம் வகுப்பு வரை முடிந்தது, மீதி நாளைக்கு.