“ஐஸ் கம்பெனி நாத்தம் சார்!”: வாத்தியார்கள் விளையாடிய கதைகள்

ராயபுரம், ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்:

ஏப்ரல் 1 வந்தால் எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் சட்டைக்கு ஆபத்து. உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, அதில் ஏப்ரல் ஃபூலுக்குச் சுருக்கமாக ‘ஏ.எஃப்.’ என்று ஆங்கில எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கி, இங்க்கில் தோய்த்து, முன்னால் போகிறவன் முதுகில் ஒரே குத்து. வெள்ளைச் சட்டை, காக்கி டவுசர் காலம் அது. மறுநாள் அம்மாக்கள் வாசலில் வந்து நின்று பேசுகிற பேச்செல்லாம் எங்களுக்குத்தான் விழும்.

ஒரு வருஷம் நானே முந்திக்கொண்டேன். மேல்நிலைப் பள்ளியில் வேலை பார்த்த நண்பரிடம் காரம் பட்டால் ரோஸாகிற பினாப்தலீன் கரைசல் கொஞ்சம் வாங்கி, அதில் நிறைய தண்ணீரும் சில சொட்டு அம்மோனியாவும் கலந்தால், ரோஸ் நிறத்தில் நல்ல கெட்டி இங்க் மாதிரி இருக்கும். பேனாவில் ஊற்றிக்கொண்டு ஏழாம் வகுப்புக்குள் போனேன். “யார் யார் கிழங்கு கொண்டுவந்தது?” ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சரி, திரும்பி நில்லுங்கள் என்று சொல்லி வரிசையாக எல்லார் முதுகிலும் உதறினேன். கண்ணில் படக்கூடாதே என்றுதான் திரும்பச் சொன்னது. அவர்களுக்கு அது தண்டனை மாதிரித் தெரிந்திருக்கும்.

வகுப்பே செத்துப்போனது. ஒருவன், “சார், இது அண்ணன் சட்டை சார்” என்று அழத் தயாரானான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூன்று நான்கு நிமிடம் போதும், அம்மோனியா காற்றில் பறந்ததும் கறை தானாக மறைந்துவிடும். பிறகு ஒரு பெரிய வித்தைக்காரன் மாதிரி பேசலாம் என்று மனதுக்குள் வசனம் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “இன்னா சார், ஐஸ் கம்பெனி நாத்தம் அடிக்குது?”

அவன் அப்பா காசிமேட்டில் படகுக்கு ஐஸ் ஏற்றுகிறவர். பையன் எழுந்து வந்து முன்னால் நின்றவன் முதுகை முகர்ந்து பார்த்தான். “மெய்யாலுமே அதான் சார். பைப்பு லீக்காச்சுன்னா இப்டித்தான் மூக்குல ஏறும்.” அவன் சொல்லச் சொல்ல அந்த முதுகில் ரோஸ் வெளுத்துக்கொண்டே வந்தது. என் வித்தை போச்சு. அன்றைக்கு எடுக்க வேண்டிய பாடம் என்னவோ, ஞாபகமில்லை. ஐஸ் கம்பெனியில் அம்மோனியாவுக்கு என்ன வேலை என்றுதான் மணி அடிக்கும் வரை பேசினோம். மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிற சரக்கு அது, ஆவியாகும்போது பக்கத்திலிருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும், சுற்றியுள்ள உப்புத் தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும், அதில் முக்கிவைத்த டின்களில் ஐஸ் பார் உறையும். பாதி நான் சொன்னேன். உப்புத் தண்ணீர், டின், பாரைக் கவிழ்த்து எடுக்கிற விதம் எல்லாம் அவன் சொன்னது.

மறுநாள் அதே பையன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். சட்டை முன்பக்கம் ரத்தம் மாதிரி ஒரு திட்டு. “சார், உங்க இங்க்கு திரும்பி வந்துருச்சு. எங்கம்மா பின்னிட்டாங்க.” எனக்கு வயிற்றைக் கலக்கியது. புதுச் சட்டை எடுத்துக் கொடுத்துவிடலாமா, தலைமையாசிரியரிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே பையில் கை விட்டேன். அவன் டவுசர் பாக்கெட்டிலிருந்து பாதி எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பிழிந்தான். சிவப்பு மஞ்சளாகிவிட்டது. மஞ்சள்தூளைக் கரைத்துத் தடவி, பார் சோப்பைத் தேய்த்திருக்கிறான். சோப்பு பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பதை அம்மா துணி துவைக்கும்போதே பார்த்துவைத்திருக்கிறான். வகுப்பு முழுக்க முன்னமே தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியாது.

ஒன்றே ஒன்றுதான் அவன் யோசிக்காதது. ரோஸ் போகும், சிவப்பு மாறும், மஞ்சள் லேசில் போகாது. அன்று சாயங்காலம் நிஜமாகவே அடி வாங்கினான். நாலு நாள் வெயிலில் காயப்போடு, வெளுத்துவிடும் என்று நான் சொன்னது அடிக்குப் பிறகுதான்.

திருவொற்றியூர், முன்னாள் மாணவன்:

எங்கள் தமிழையா ஆளைப் பார்த்தால் சிரிக்கவே மாட்டார். ஒருநாள் சாயங்காலம் எங்களைப் பட்டினத்தார் கோயிலுக்கு நடத்தியே கூட்டிப்போனார். பேய்க்கரும்பு கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: அந்தக் கசப்புக் கரும்பைக் கையில் வைத்துக்கொண்டு பட்டினத்தார் ஊர் ஊராக அலைந்தார், அதன் நுனி எங்கே இனிக்கிறதோ அங்கேதான் முக்தி, ஒற்றியூரில் இனித்தது. அதைக் கடல்காற்றில் உரக்கச் சொல்லி முடித்துவிட்டு, மஞ்சப்பையிலிருந்து ஆளுக்கொரு சின்னக் கரும்புத் துண்டு கொடுத்தார். “இந்த மண்ணில் நின்று தின்றால் இனிக்கும். வீட்டுப்பாடம் எழுதாதவனுக்கு மட்டும் கசக்கும்.”

வாயில் போட்டேன். கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. பக்கத்தில் பார்த்தேன், அவன் கண்ணில் தண்ணீர். “எப்படி இருக்கு?” என்றார் ஐயா. நாற்பது பேரும் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டே ஒரே குரலில், “இனிக்குதுங்க ஐயா!” நன்றாகப் படிக்கிற பெண் ஒருத்தி, வீட்டுப்பாடம் தவறாமல் எழுதுகிறவள், “ரொம்ப இனிக்குது ஐயா” என்று இன்னொரு துண்டு கேட்டாள். அவளைப் பார்த்ததும்தான் அவர் சிரித்தார். மதியமே வேப்பிலையை அரைத்து எல்லாத் துண்டிலும் தடவிவைத்திருக்கிறார். அப்புறம் தடவாத கரும்பும் அதே பையிலிருந்து வந்தது, ஆனால் நாக்கில் அது ஏறவே இல்லை.

பட்டினத்தாரே அந்தக் கடற்கரையில் பையன்களோடு விளையாடியவர்தான். என்னைக் கூடையால் மூடுங்கள் என்பாராம், திறந்தால் ஆள் இருக்கமாட்டாராம், வேறெங்கிருந்தோ வருவாராம். கடைசியாகத் திறந்தபோது லிங்கம்தான் இருந்தது என்பது கதை. எங்கள் ஐயா அந்த ஊர் ஆள்தானே.

வியாசர்பாடி, தொடக்கப் பள்ளி ஆசிரியை:

எல்லாரும் சிரிக்கிற கதை சொல்கிறீர்கள். நான் சறுக்கினதைச் சொல்கிறேன். சத்துணவில் வாரம் 5 நாளும் முட்டை உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்றாம் வகுப்பில், “இன்னைக்கு கோழிங்க எல்லாம் ஸ்டிரைக், முட்டை கிடையாது” என்றேன். பிள்ளைகள் “பீலா உடாதீங்க மிஸ்” என்று கூச்சல் போட்டார்கள். ஒருத்தி மட்டும் டப்பா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். தட்டில் முட்டை விழுந்ததும் அதைத் தொடவில்லை, டப்பாவில் போட்டுக்கொண்டாள். வீட்டில் தம்பிக்காம். தினமும் அப்படித்தானாம், நான்தான் கவனித்ததில்லை. அன்றோடு சோற்று விஷயத்தில் விளையாட்டை நிறுத்திவிட்டேன். பாம்பு, பேய், டெஸ்ட் எதில் வேண்டுமானாலும் ஏமாற்றுவேன், இதில் மாட்டேன்.

ராயபுரம், ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்:

டீச்சர் சொல்வது சரி. “அண்ணன் சட்டை” என்றானே ஒருவன், அந்த நாலு நிமிஷத்தை நானும் இப்போதுதான் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

தண்டையார்பேட்டை, கணக்கு வாத்தியார்:

எங்கள் பக்கம் ஒன்று. திடீர்த் தேர்வு, 20 கேள்வி. தாளின் தலையில் ‘முழுவதும் படித்த பிறகே எழுதத் தொடங்கவும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். 7ஆவது கேள்வி: எழுந்து நின்று மூன்று முறை கை தட்டு. 13ஆவது: ‘நான்தான் முதலில் முடித்தேன்’ என்று சத்தமாகச் சொல். 20ஆவது: மேலே உள்ள எதையும் செய்யாதே, பெயரை மட்டும் எழுதிவிட்டுச் சும்மா இரு.

ஐந்தே நிமிடத்தில் வகுப்பு மீன் ஏலக்கூடம். கைதட்டலும் “நான்தான், நான்தான்” சத்தமும் கேட்டுத் தலைமையாசிரியர் ஓடி வந்தார். அந்த அமளியில் ஒரே ஒருவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவனை முன்னால் அழைத்து, தோளில் கை போட்டு, “இவனைப் பாருங்கள், கடைசி வரை படித்தவன் இவன் ஒருத்தன்தான்” என்று தலைமையாசிரியரிடம் பெருமையாகச் சொன்னேன்.

“அத்தெல்லாம் இல்ல சார்,” என்றான். “பேனா எழுதல. யார்னா குடுப்பாங்களான்னு பாத்துக்கினு இருந்தேன்.”