பழைய மைல்கல் படங்கள் வேண்டும்: எடுத்து அனுப்ப முடியுமா?

தமிழ் எண் பொறித்த சாலையோர மைல்கல் உங்கள் பக்கம் இருந்தால் படம் போடுங்கள். உச்சி வெயிலில் எடுத்தால் எழுத்தே தெரியாது. இருட்டியபின் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்தால் மழுங்கிய கோட்டிலும் நிழல் விழும். மாவு, சாக்பீஸ் தேய்க்க வேண்டாம். தேய்த்தவர் ஊகித்ததுதான் பிறகு படத்தில் தெரியும்! ௰ என்பது பத்து, ௨ என்பது இரண்டு; ௰௨ என்றிருந்தால் அது 12, 102 அல்ல. ௭ (7), ௮ (8) இரண்டையும் எ, அ என்று படித்துவிடுவது வழக்கமான பிழை.

கல்லில் தூரத்தைக் காட்டும் குழிகள் இருந்தால் பெரிது, சிறிது பிரித்து எண்ணுங்கள்: பெரியது பத்து, சிறியது ஒன்று. தருமபுரியில் அதியமான் பெருவழி என்ற பழைய நெடுஞ்சாலையின் கல்லில் 29 காதத்துக்கு (காதம் பழைய தூர அளவு) இரண்டு பெரிய குழி, ஒன்பது சிறிய குழி. சாலை அகலப்படுத்தியபோது கல்லை நகர்த்தினார்களா என்று அக்கம்பக்கத்தில் கேட்டு எழுதுங்கள். நகர்த்தியிருந்தால் தூரக்கணக்கு ஒத்துவராது. ஜிபிஎஸ் புள்ளியும் அவசியம்.