அலுவலகம் மூன்றரை கிலோமீட்டர்: தினமும் நடந்தே போகலாமா?

கேள்வி: புதுவேலைக்காரி

வணக்கம். புதிதாகச் சேர்ந்திருக்கும் அலுவலகம் வீட்டிலிருந்து மூன்றரை கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறிவிட்டால் பதினைந்து நிமிடம்தான். ஆனால் நிறுத்தத்துக்குப் போவது, காத்திருப்பது, இறங்கியபின் மறுபடி நடப்பது எல்லாம் சேர்ந்தால் சில நாள் அரை மணி, சில நாள் ஒரு மணி ஆகிவிடுகிறது. பேசாமல் நடந்தே போய்விடலாமா என்று தோன்றுகிறது. கைப்பேசி வரைபடம் 43 நிமிடம் என்கிறது. உடற்பயிற்சிக்காகக் கேட்கவில்லை, நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான். வியர்வை, மழை, திரும்பும்போது இருட்டு, இந்த மூன்றும்தான் கவலை. இப்படி நடப்பவர்கள் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: மெய்ப்புக்காரன்

இருக்கிறேன், சகோதரி. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவன். பல வருடங்களாக வேலைக்கு நடைதான்.

வரைபடம் சொன்னது சரியான கணக்கே. சாதாரண நடை மணிக்கு 5 கிலோமீட்டர், அதாவது கிலோமீட்டருக்கு 12 நிமிடம். அதை பஸ் ஓடும் பதினைந்து நிமிடத்தோடு ஒப்பிடாதீர்கள். வீட்டுப் படியிலிருந்து உங்கள் நாற்காலி வரை ஆகும் நேரத்தோடு ஒப்பிடுங்கள். பஸ்ஸை நம்பினால் ஒரு மணி ஆகும் நாளுக்குப் பயந்துதான் தினமும் புறப்படவேண்டும். நடைக்கு அந்தப் பயம் இல்லை. நெரிசலோ ஊர்வலமோ, முன்பின் சில நிமிடம்தான் மாறும்.

ஆனால் வரைபடம் காட்டும் வழியில் அப்படியே போய்விடாதீர்கள். அது குறுக்கு வழியைத் தேடும். நான் வழி தேர்ந்தெடுக்கும்போது தூரத்தைப் பார்ப்பதில்லை; பெரிய சாலைகளை எத்தனை முறை கடக்கவேண்டும் என்று மட்டும் எண்ணுவேன். 300 மீட்டர் சுற்றிப் போனால் கூடுதலாக நாலு நிமிடம்கூட ஆகாது. ஒரு பெரிய நாற்சந்தியை இரண்டு கட்டமாகக் கடந்து பாருங்கள், அதே நாலு நிமிடம் போய்விடும். பொறுமையும் கூடவே போகும். தவிர, முதன்மைச் சாலையை விட்டு ஒரு தெரு உள்ளே தள்ளி நடந்தாலே புகையும் இரைச்சலும் நன்றாகக் குறைந்துவிடும்.

நடப்பவர்களுக்கான பச்சை விளக்கை நம்புவதற்கும் ஓர் அளவு உண்டு. அமெரிக்காவில் அந்த நேரத்தை நெடுங்காலம் நொடிக்கு 4 அடி நடப்பவரை வைத்துக் கணக்கிட்டார்கள், 2009-இல்தான் 3.5 அடியாகக் குறைத்தார்கள். உங்களுக்கு அது போதும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்கும் தடியூன்றி நடப்பவருக்கும் போதாது. பச்சை விழுந்த பிறகும் திரும்பி வரும் வண்டிதான் ஆபத்து. அப்போது ஓட்டுநரின் முகத்தைத் தேடாதீர்கள், கண்ணாடியில் வெளிச்சம் பட்டால் முகமே தெரியாது. முன்சக்கரத்தைப் பாருங்கள். வண்டி எந்தப் பக்கம் வரப்போகிறது என்பதை அதுதான் முதலில் சொல்லும். மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் வண்டி, ஓட்டுநர் பிரேக்கில் கால் வைக்க எடுக்கும் ஒரு நொடிக்குள் 14 மீட்டர் கடந்துவிடும். 30-இல் வந்தால் 8 மீட்டர். வேகம் குறைந்த தெருவாகப் பார்த்து நடக்கச் சொல்வது இதனால்தான்.

நடைமேம்பாலத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், கோபம் வரும். லாரி தட்டாமல் போகவேண்டும் என்பதற்காக மனிதரை இரண்டு மாடி ஏறி இறங்கச் சொல்லும் ஏற்பாடு அது.

வியர்வைக்குக் காரணம் பெரும்பாலும் முதுகுப் பைதான். தோளில் குறுக்காகத் தொங்கும் பைக்கு மாறுங்கள். கடைசி ஐந்து நிமிடம் வேகத்தைக் குறையுங்கள். மேல்சட்டையை அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம். அலுவலகச் செருப்பு மேசைக்கடியிலேயே இருக்கட்டும்.

பதில்: இரண்டு நிறுத்தம் முன்னால்

மெய்ப்புக்காரருக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது, எழுதுகிறார். எனக்கு இல்லை. எடுத்த எடுப்பில் முழுத் தூரமும் வேண்டாம். பஸ்ஸில் போய் இரண்டு நிறுத்தம் முன்னால் இறங்கி நடந்து பாருங்கள். இன்னொன்று, காலணியைச் சாயங்காலத்தில் வாங்குங்கள். நாள் முழுக்க நின்று நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருந்த காலணி மாலையில் கடிக்கும்.

பதில்: வரைபடப் பித்தன்

நடக்கும் தூரத்தை நாம் மனத்தில் பெரிதாக்கிக்கொள்கிறோம். ஸ்பெயினில் போன்தேவெத்ரா என்ற நகரம் இதற்கென்றே மெட்ரோமினுதோ என்று ஒரு வரைபடம் வெளியிட்டது. பார்த்தால் மெட்ரோ ரயில் வரைபடம் போல வண்ணக் கோடுகள். ஆனால் அங்கே மெட்ரோ ரயிலே கிடையாது. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நடந்தால் எத்தனை நிமிடம் என்று கோட்டின் மேல் எழுதியிருக்கும். லண்டனிலும் சுரங்க ரயில் நிலையங்களுக்கிடையே நடக்கும் நேரத்தைப் போட்டு வரைபடம் இருக்கிறது. அங்கே லெஸ்டர் ஸ்குயர் நிலையத்துக்கும் கோவன்ட் கார்டனுக்கும் இடையே 300 மீட்டர்கூட இல்லை. அதற்கும் ரயில் ஏறுகிறவர்கள் உண்டு. உங்கள் வழியையும் இப்படி நிமிடங்களாகத் துண்டு போட்டுப் பாருங்கள்.

புதுவேலைக்காரி

நன்றி, ஐயா. எல்லோருக்கும் நன்றி. மழையும் இருட்டும் பாக்கி. குடையா, மழைக்கோட்டா?

மெய்ப்புக்காரன்

குடை. மழைக்கோட்டின் தலைமூடி உங்கள் கழுத்தோடு சேர்ந்து திரும்பாது. பக்கவாட்டில் பார்க்கத் தலையைத் திருப்பினால் துணிதான் கண்ணுக்குத் தெரியும். சாலை கடக்கும்போது அது ஆகாது. குடையிலும் சாலை ஓரத்தில் நிற்கும்போது ஒரு கணம் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள். அடி தெரியாத தேங்கிய நீரில் கால் வைக்கவே வேண்டாம். கீழே மூடி இருக்கிறதா, குழி இருக்கிறதா என்பது மேலிருந்து தெரியாது. கனமழை என்றால் பஸ்ஸில் போங்கள், யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை.

இருட்டுக்கு, காலையில் போகும் வழியும் மாலையில் திரும்பும் வழியும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. காலைக்கு அமைதியான தெரு. மாலைக்குக் கடைகள் திறந்திருக்கும், ஆள் நடமாட்டம் உள்ள தெரு, சற்றுச் சுற்றாக இருந்தாலும் சரி. வெளிர் நிறத்தில் ஏதாவது ஒன்று உடம்பில் இருக்கட்டும், பையாக இருந்தாலும் போதும். நடைபாதை இல்லாத இடத்தில் வண்டிகள் எதிரே வரும் பக்கமாக நடங்கள். காதில் எதையும் மாட்டிக்கொள்ளாதீர்கள். மனம் ஒப்பாத நாளில் காலையில் மட்டும் நடந்து, மாலையில் பஸ் ஏறிவிடுங்கள்.

ஒரு விடுமுறை நாளில் வெறும் பையோடு ஒரு தரம் போய்ப் பாருங்கள். எந்தச் சந்தியில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று இங்கே எழுதினால், அதில் எதைத் தவிர்க்கலாம் என்று பார்ப்போம்.