பூஞ்சைவழியுண்ணி: ஒரு சொல் முன்மொழிவு

பச்சையம் இல்லாமல், மண்ணுக்குள் இருக்கும் பூஞ்சையிடமிருந்தே தமக்கு வேண்டிய கரிமம் (கார்பன்) முழுவதையும் பெற்றுப் பூக்கின்ற செடிகளுக்கு (ஆங்கிலத்தில் mycoheterotroph)ப் ‘பூஞ்சை ஒட்டுண்ணி’ என்ற பெயர் முன்மொழியப்பட்டுள்ளது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பயிர்நோய் படித்தவர் எவரும் அதனை ஒட்டுண்ணியாக வாழும் பூஞ்சை என்றே கொள்வர்; நெல்லின் குலைநோய்ப் பூஞ்சைதான் அவர் நினைவுக்கு வரும்.

பழைய பெயரான ‘மட்குண்ணி’யும் (saprophyte) இங்கே பொருந்தாது. இவ்வகைச் செடிகளில் ஒன்றான மோனோட்ரோபா மட்கிய இலைகளுக்கிடையே மெழுகுபோல் வெளுத்த தண்டும் செதில் இலைகளுமாகத் தலைகவிழ்ந்து பூத்து, காய்க்கும்போது நிமிர்ந்து, காய்ந்ததும் கறுத்துப் போவதால், அது மட்கையே தின்கிறது என்று எண்ணியது இயல்புதான். ஆனால் அதன் வேரைப் பூஞ்சை உறைபோல் முழுவதும் மூடியிருப்பதையும், வேர் மண்ணை நேரடியாகத் தொடுவதே இல்லை என்பதையும் போலந்துத் தாவரவியலாளர் காமியென்ஸ்கி 1881இலேயே எடுத்துக்காட்டினார். ஸ்வீடனின் பியோர்க்மன், கதிரியக்கக் கரிமம் கொண்ட சர்க்கரையை அருகிலிருந்த மரங்களுக்குள் செலுத்தி, அந்தக் கரிமம் மோனோட்ரோபாவில் வந்து சேர்ந்ததை 1960இல் வெளியிட்டார். 1994இல் இச்செடிகளைப் பற்றி லீக் என்னும் ஆய்வாளர் எழுதிய விரிவான ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் பழைய பெயர் மேற்கோள் குறிகளுக்குள் ஒதுக்கப்பட்டுவிட்டது. நாம் மட்டும் அதனைச் சுமந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

‘பூஞ்சையூட்டி’ என்றும் ஒரு யோசனை வந்தது. பாலூட்டி பாலை ஊட்டுவது; அந்த வழக்கின்படி பூஞ்சையூட்டி பூஞ்சையை ஊட்டுவதாகிவிடும். ‘பூஞ்சையுண்ணி’ என்று சுருக்கினால், காளானைத் தின்னும் வண்டுக்கும் அதே பெயரைத்தான் தரவேண்டியிருக்கும்.

ஆகவே செடிக்குப் ‘பூஞ்சைவழியுண்ணி’ என்றும், அந்த வாழ்முறைக்குப் ‘பூஞ்சைவழியூட்டம்’ என்றும் முன்மொழிகிறேன். உணவின் மூலம் எதுவானாலும் ‘வழி’ என்ற சொல் பொருந்தி நிற்கும். மோனோட்ரோபாவுக்கு உயிருள்ள மரத்தின் சர்க்கரை பூஞ்சை வழியாக வருகிறது. சீனாவில் மருந்துக்காகப் பயிரிடப்படும் காஸ்ட்ரோடியா எலாட்டா என்னும் ஆர்க்கிடுக்கோ, மரக்கட்டைகளைச் சிதைக்கும் ஆர்மில்லேரியா பூஞ்சை வழியாக உணவு வருகிறது. மரத்தைக் கொள்ளையடிப்பதாகப் பெயரிலேயே சொல்லிவிட்டால் இரண்டாவது வகை வெளியே நின்றுவிடும். (மேற்குத் தொடர்ச்சி மலையில் காணப்படும் எபிபோஜியம் ரோசியம் என்னும் இலையற்ற ஆர்க்கிடும் சிதைக்கும் பூஞ்சைகளை நம்பியே வாழ்கிறது.)

சொல் நீளம் என்ற எதிர்ப்பு வரும், வரட்டும். முன்னொட்டுகளை ஏற்கிறதா என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பச்சை இலையோடு ஒளிச்சேர்க்கை செய்துகொண்டே பூஞ்சையிடமும் கரிமம் பெறும் செபலாந்தெரா ஆர்க்கிடு போன்றவை ‘பகுதிப் பூஞ்சைவழியுண்ணி’ ஆகும். சேமித்த உணவின்றித் தூசியாகப் பறக்கும் ஆர்க்கிடு விதைகள் இயற்கையில் முளைப்பதற்கே பூஞ்சையை நாடும் நிலையைத் ‘தொடக்கநிலைப் பூஞ்சைவழியூட்டம்’ எனலாம். இதற்கு ‘இளநிலை’ என்ற முன்னொட்டு பொருந்துமென்று கருதுவோர், அது பட்டப் படிப்பை நினைவூட்டுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.